மாத்தளைக் கணக்கும் கோத்தகிரிக் கணக்கும்

1966 ஜூன் 6ஆம் தேதி வரைக்கும் இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சரிக்குச் சரி. ஒரு டொலருக்கு அங்கேயும் 4 ரூபாய் 76, இங்கேயும் 4 ரூபாய் 76. அன்றைக்கு இந்திரா காந்தியின் அரசு தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்து டொலருக்கு 7 ரூபாய் 50 என்று வைத்தது. 1967 நவம்பரில் இலங்கையும் குறைத்தது. ஆனால் 5 ரூபாய் 95 சதத்தோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே எங்கள் மலையக ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலத்தில் சிலோன் ரூபாய்தான் கனம். இன்றைக்கு ஒரு இந்திய ரூபாய் வாங்க மூன்றரை இலங்கை ரூபாய் அளவில் வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது மாத்தளை மாவட்டத்தில், எல்கடுவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மாவின் தம்பி 1974இல் குடும்பத்தோடு இந்தியா போனார். எங்கள் மனு இலங்கைப் பக்கம் முடிவாகி நாங்கள் நின்றுவிட்டோம். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பத்து வருடம் கழித்துச் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் இப்படித்தான் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். அன்று முதல் இன்று வரை எங்கள் குடும்பத்தில் ஓயாத பேச்சு ஒன்று உண்டென்றால், அது “அங்க என்ன விலை, இங்க என்ன விலை” என்பதுதான்.

மாமா போன வருடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1973, 74இல் மலையகத்தில் பஞ்சம். கூப்பன் அரிசியைக் குறைத்துவிட்டார்கள். நெல்லை அரசாங்கமே வாங்கும், அரசாங்கமே விற்கும். அனுமதி இல்லாமல் ஓரிரு கொத்துக்கு மேல் அரிசியைக் கையில் கொண்டுபோனால் குற்றம். வயல் வைத்திருந்த கிராமத்துக்காரர் எப்படியோ சமாளித்தார். தோட்டத்தில் ஏது வயல்? தேயிலைச் செடிக்கு நடுவில் ஒரு கீரைப்பாத்திகூடப் போட முடியாது. மரவள்ளியும் ஈரப்பலாவும் கிடைத்த நாள் நல்ல நாள். அம்மா பிடி அரிசியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கஞ்சி வைத்து, அடியில் கிடக்கும் பருக்கையைக் கரண்டியால் துழாவிச் சின்னவர்களின் கோப்பையில் போடுவார். தனக்கு மேல்தண்ணீர். அந்த வருடம் தோட்டங்களில் சாவு விகிதம் திடீரென்று ஏறியது புள்ளிவிபரங்களிலேயே பதிவாகியிருக்கிறது. ரூபாய் கனம்தான், அதைக் கொடுத்து வாங்க அரிசி இல்லை. “இந்தியாவுல எப்படியும் சோறு கெடைக்கும்” என்றுதான் மாமா கிளம்பினார்.

மாத்தளை ரயில் பாதை மாத்தளையோடு முடிந்துவிடும். கண்டிக்குப் போய், பொல்கஹவெல, மாஹோ, மதவாச்சி என்று சுற்றித் தலைமன்னார் போய்ச் சேர வேண்டும். அந்த ரயில்களுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். மாமா ஒரு தகரப் பெட்டியும் ஒரு தையல் மெஷினும் கொண்டுபோனார். அத்தை தன் பங்குக்குச் சவர்க்காரக் கட்டிகளையும் தேயிலைப் பொட்டலங்களையும் துணிக்குள் சுற்றி வைத்தார். சிலோன் சாமான் என்றால் அங்கே மதிப்பு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் இருந்து, கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைப் போட்டிருந்தது. டான்டீ என்று சொல்வார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வியாபாரக் கடன் என்று ஐயாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு ஊர் தெரியாமல் அலைந்தவர்களும், கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. மாமா கடிதத்தில் அதையெல்லாம் எழுதுவார். கடைசி வரியில் மட்டும் தவறாமல் அரிசி விலை, பருப்பு விலை, எண்ணெய் விலை. அம்மா அந்த வரியைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வார்.

நாங்கள் வரி கட்டியதாக அந்தக் காலத்தில் யாரும் சொன்னதில்லை. வருமான வரிக் கந்தோர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தேயிலைக்கு ஏற்றுமதித் தீர்வை இருந்தது. அதைவிடப் பெரிதாக, பெயர் சொல்லாத ஒரு வரியும் இருந்தது. 1968 மே மாதத்தில் அரசாங்கம் அந்நியச் செலாவணிக்கு உரிமைச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வேறு பொருளை ஏற்றுமதி செய்தவனுக்கு டொலருக்கு 5.95க்கு மேல் முதலில் 44 வீதம், பிறகு 55, 1972 முடிவில் 65 வீதம் கூடுதலாகக் கிடைத்தது. தேயிலை, றப்பர், தெங்குக்கு மட்டும் அது கிடையாது, பழைய விலைதான். தோட்டம் சம்பாதித்த டொலரைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு அந்த வித்தியாசத்தில் நாடு நடந்தது. 1977 நவம்பர் வரை இதுதான் நடைமுறை. கொழுந்து பறித்தவளின் கூலி உயராததற்குத் தோட்டக் கம்பனிகள் சொன்ன காரணங்களில் ஒன்று இது. அவளுக்கு வாக்குரிமை இருந்ததா என்றால், 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு பிரஜாவுரிமை போனது, 1949இல் தேர்தல் சட்டத் திருத்தத்தோடு அதுவும் போயிற்று. வரி உண்டு, வாக்கு இல்லை. இதை வேறு நாட்டில் செய்திருந்தால் புரட்சி என்று புத்தகத்தில் எழுதுவார்கள்.

மாத்தளையிலேயே அப்படி ஒரு புரட்சி நடந்திருக்கிறது. 1848இல் கோப்பி விலை விழுந்து கஜானா காலியானபோது தேசாதிபதி டொரிங்டன் கோப்பிக்கான ஏற்றுமதித் தீர்வையை நீக்கிவிட்டு, சனங்கள் மீது வரி போட்டார். துப்பாக்கிக்கு வருடம் இரண்டரை சிலிங், நாய்க்கு ஒரு சிலிங், கடைக்கு ஒரு பவுண், வண்டிக்குத் தனி. ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் மூன்று சிலிங் கட்ட வேண்டும். ஜூலை 26ஆம் தேதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூடினார். இரண்டு நாளில் கூட்டம் மாத்தளையைப் பிடித்தது. ஆகஸ்ட் 8ஆம் தேதி கலகத் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைக் கண்டி போகம்பரையில் சுட்டுக் கொன்றார்கள். டொரிங்டனையும் 1850இல் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. மாத்தளை நகரத்தில் புரன் அப்புவுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த ஆறு நாள் என்ற கணக்கு எனக்கு ஞாபகம் வரும். பணத்தில் சொன்னால் மறந்துபோகிற வரி, நாளில் சொன்னால் உறைக்கிறது. வரியையும் விலைவாசியையும் கூலி நாளில்தான் அளக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

சரி, இன்றைக்கு வருவோம்.

1977இல் எங்கள் ரூபாய் டொலருக்குப் பதினாறாக இறங்கியதிலிருந்தே எடை மாறிவிட்டது. ஆனால் மாறியதை நாங்கள் உள்ளபடி உணர்ந்தது 2022இல். ஏப்ரல் 12ஆம் தேதி நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340. பாண் ஒன்று 300 ரூபாய் வரை போனது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தோட்டத்தில் காலையும் இரவும் ரொட்டிதான் சாப்பாடு. கோதுமை மா விலை ஏறியபோது ரொட்டி சின்னதாகி, பிறகு எண்ணிக்கை குறைந்து, பிறகு ஒரு வேளை இல்லாமலே போனது. 1974ஐப் பார்த்த கிழவிகள் மறுபடி மரவள்ளிக் கிழங்கு தேடினார்கள். அந்த மே மாதம்தான் தமிழ்நாட்டிலிருந்து நிவாரணக் கப்பல் வந்தது. 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள் அனுப்புவதென்று தமிழக சட்டமன்றம் ஏப்ரலில் தீர்மானம் போட்டிருந்தது. சிலோன் சவர்க்காரத்தைச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோன குடும்பங்கள் ஐம்பது வருடம் கழித்து எங்களுக்குப் பால்மா அனுப்பின. கோத்தகிரியிலிருந்து மச்சான் போனில் அழுதார். “ஒங்கள விட்டுட்டு வந்தோமேன்னு அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு” என்றார்.

இப்போது மச்சானும் நானும் வாட்ஸ்அப்பில் கணக்குப் போடுகிறோம். மாமாவின் கடைசி வரி இன்று குரல் பதிவாகிவிட்டது. போட்டுப் பார்த்தால் ஆச்சரியம்தான் வருகிறது. எங்கள் தோட்டத்து நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் ஆனது. இந்தியக் காசில் நானூறுக்குக் கொஞ்சம் கீழே. நீலகிரித் தோட்டக் கூலி நானூறுக்குச் சற்று மேலே. பெரிய வித்தியாசம் இல்லை. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 கூலியும் வரவுக்கு 200 ரூபாய் ஊக்கப்படியும் அறிவித்தார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் பக்கம் கொஞ்சம் கூடவே வரும். கடையில் அரிசி விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே நாட்டரிசிக்கு 2024 டிசம்பரில் அரசு வைத்த உச்சவிலை கிலோ 230. அங்கே சாதாரணப் பொன்னி அரிசியை எங்கள் காசுக்கு மாற்றினால் இருநூறு ரூபாய் அளவில் வருகிறது.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? ரேஷன் கடையில். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு விலை கிடையாது. சாதாரணக் குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை. அதை எங்கள் உச்சவிலையில் பெருக்கினால் 4,600 ரூபாய். 1,350 கூலியில் மூன்றரை நாள் கொழுந்து. 2023 செப்டெம்பரிலிருந்து குடும்பத் தலைவிக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் இந்திய ரூபாய். அது இரண்டரை நாள். கூட்டினால் ஆறு நாள். டொரிங்டன் வருடத்துக்கு ஆறு நாள் கேட்டுக் கலவரம் வந்தது. எல்கடுவையில் கொழுந்து பறிப்பவள், கோத்தகிரியில் பறிக்கும் தன் நாத்தனாரைவிட மாதத்துக்கு ஆறு நாள் கூடுதலாக மலை ஏறினால்தான் அந்தக் கூலியில் அதே சோறு. இதற்கு மேல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு என்பதையெல்லாம் நான் சேர்க்கவில்லை.

வரிக்கு வருகிறேன். கொழுந்து பறித்துவிட்டு வருகிற பெண்ணின் கையைக் கிட்டப் பார்த்திருக்கிறீர்களா? ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் ரேகைக்குள் கறுப்பாகச் சாயம் இறங்கியிருக்கும். தண்ணீருக்குப் போகாது. என் அக்கா சவர்க்காரத்தோடு தேசிக்காயையும் சேர்த்துத் தேய்ப்பார். அட்டை கடித்த இடம், ஈரச்சாக்கு கட்டிய இடுப்பு, சேறான உடுப்பு என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சவர்க்காரம்தான். அது ஆடம்பரம் இல்லை. தொழிலுக்கு உரிய பொருள். அதில் 18 வீதம் வற் வரி இருக்கிறது. 2019 டிசம்பரில் எட்டாகக் குறைத்தார்கள், 2022இல் பன்னிரண்டு, அதே வருடம் பதினைந்து, 2024 ஜனவரியிலிருந்து பதினெட்டு. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு என்று இரண்டரை வீதம் தனியாக. லயத்துக்குக் கீழே இருக்கும் சின்னக் கடைக்காரர் வற் வரிக்குப் பதிவு செய்தவர் இல்லை. பில்லும் கொடுக்க மாட்டார். அதனால் வரி இல்லை என்று ஆகிவிடாது. தொழிற்சாலையிலும் மொத்தக் கடையிலும் ஏறிய வரி விலைக்குள் கரைந்து வருகிறது. நூறு ரூபாய்க்கு வாங்கும் சவர்க்காரத்தில் பதினைந்து ரூபாய் அளவில் அரசாங்கத்துக்கு. அக்காவுக்கு அது தெரியாது.

மச்சான் தன் ஊர்க் கடை பில்லைப் படம் பிடித்து அனுப்பினார். மத்திய அரசுக்கு இவ்வளவு, மாநில அரசுக்கு இவ்வளவு என்று ஜிஎஸ்டியைப் பாதி பாதியாகப் பிரித்து அச்சடித்திருந்தது. அங்கேயும் சோப்புக்கு 18 வீதம்தான் இருந்தது. 2025 செப்டெம்பர் 22ஆம் தேதியிலிருந்து சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் ஐந்து வீதத்துக்கு வந்துவிட்டன. எங்களுக்கு 2024இல் பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு என்று முன்பு விலக்கில் இருந்த பொருள்களும் வரிக்குள் போயின.

2023 ஜனவரியில் மாதச் சம்பளம் ஒரு இலட்சத்துக்கு மேல் வாங்குகிறவர்களிடம் வருமான வரி பிடிக்கத் தொடங்கியபோது டாக்டர்களும் பொறியியலாளர்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். பத்திரிகைகள் தினமும் எழுதின. 2025 ஏப்ரலில் அந்த எல்லையை ஒன்றரை இலட்சமாக உயர்த்தினார்கள். அவர்களுடைய கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் இந்த நாட்டின் வரி வருமானத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு பொருளிலும் சேவையிலும் மறைந்து வருகிற வரி. அதைக் கட்டும் தோட்டத்துப் பெண்ணுக்காக ஒரு பதாகைகூட எழும்பவில்லை.

எல்லா வரியையும் நான் எதிர்க்கவில்லை. இதே மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளையும் கலேவெலவும் இருக்கின்றன. பெரிய வெங்காயம் அறுவடையாகும் காலத்தில் இந்திய வெங்காயத்துக்கு இறக்குமதித் தீர்வையைக் கூட்டுவார்கள். கூட்டாவிட்டால் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் உள்ளூர் மூட்டையை ஏறிட்டுப் பார்க்க ஆள் இருக்காது. தோட்டத்தில் வெங்காயம் விலை ஏறும் என்பது தெரிந்தும் அந்தத் தீர்வை வேண்டும் என்றே சொல்வேன், விவசாயியும் வாழ வேண்டும். மிளகு விஷயமும் அப்படியே. 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோ 500 ரூபாய் வைத்தது, கேரளத்து, கர்நாடகத்து விவசாயிகளுக்காக. மாத்தளையில் வீட்டுத் தோட்டத்தில் நாலு மிளகுக்கொடி வைத்திருப்பவனையும் அது பாதித்தது. அண்டை நாடுகள் ஒன்றுக்கொன்று வைக்கும் வரி என்றால் இப்படித்தான் இருக்கும், அதில் எனக்குக் கோபம் இல்லை.

கோத்தகிரி சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. டான்டீ நட்டத்தில் ஓடுகிறது. ஓய்வு பெற்றவர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்பதால், வேலை முடிந்த வயதில் போக்கிடம் இல்லாமல் நிற்கிற குடும்பங்கள் அங்கே ஏராளம். இரண்டாவது முறை அகதியாகிறோம் என்று அவர்கள் சொல்வது நெஞ்சை அறுக்கிறது. இலவச அரிசிக்கான காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மச்சான் நேராக டாஸ்மாக் மதுக்கடையைக் காட்டுவார். 2024-25இல் மட்டும் அதிலிருந்து 48,000 கோடி ரூபாய்க்கு மேல் தமிழக அரசுக்கு வருமானம். “அரிசிய இந்தக் கையில குடுத்து, புருஷன் கூலிய அந்தக் கையில வாங்குறாங்க மச்சான்” என்றார். சாராய வரியை இரண்டு அரசாங்கமும் நம்பித்தான் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் அந்த வரி வாங்கப்படுகிறது, அரிசி வருவதில்லை, அவ்வளவுதான்.

எங்களிடம் நல்லது இல்லாமலும் இல்லை. மாத்தளை ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் வரை படிப்பு இலவசம். லயத்தில் பிறந்த நான் ஆசிரியராக ஓய்வு பெற்றது அந்தப் படிப்பால்தான். 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த இந்தியா, இன்று இங்கே நின்றவர்களுக்கும் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் வீடு கட்டிக் கொடுக்கிறது. இந்திய வரிப் பணத்தில் எழும்பிய சுவர்களுக்குள் எங்கள் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அந்த நன்றி எங்களுக்கு இருக்கிறது. ஆனால் சோற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டியது கொழும்பு. 2023இல் அஸ்வெசும நிவாரணம் தொடங்கியபோது லயத்துக் குடும்பங்கள் பல பட்டியலில் விடுபட்டன. ஒரே கூரைக்குக் கீழே பல குடும்பம், தனி விலாசம் கிடையாது. வீட்டைப் பார்த்து வறுமையை அளக்கிற படிவத்தில் அவர்கள் எங்கே அகப்படுவார்கள்?

மலையகத் தொழிற்சங்கத் தலைவர்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்துக்கும் கூலித் தொகை ஒன்றை மட்டும் கேட்கிறார்கள். ஆயிரம் என்றார்கள், ஆயிரத்து எழுநூறு என்றார்கள். கூலி ஏறுகிற வேகத்தில் விலையும் வரியும் ஏறினால் பறிக்கிற நாள் குறையாது. அடுத்த நவம்பரில் நிதியமைச்சுக்குப் போகும்போது இன்னும் மூன்றையும் எழுதிக் கொண்டுபோகச் சொல்கிறேன்: சவர்க்காரம், பற்பசை, பிள்ளைகளின் கொப்பிப் புத்தகம் ஆகியவற்றின் வற் வரியை ஐந்து வீதத்துக்கு இறக்க வேண்டும், தோட்டக் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி வேண்டும், லயத்தின் ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி விலாசம் கொடுத்து அஸ்வெசுமவில் சேர்க்க வேண்டும். இதை வாசிக்கிற மாத்தளைக்காரர்கள் தங்கள் தோட்டத்துத் தலைவரிடம் இந்தக் கோரிக்கையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தேர்தலில் இப்போது நமக்கும் வாக்கு இருக்கிறது.